அப்ப இந்தக் குடம் யாருக்கு சார்? – ஏழாம் வகுப்பில் ஒரு மத்தியானம்

ஏரிக்கரை வாத்தியார்:

அரசுப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் நடத்துகிறேன். இது 26-வது வருடம். ஜூன் மாதம் பள்ளி திறந்தால் ஏதாவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்: "செத்துப்போனவங்களைப் பத்தி எதுக்கு சார் படிக்கணும்?" முன்பு அதற்கு ஒரு பதிலைக் கைவசம் வைத்திருந்தேன். வேர், விழுது, முன்னோர் பெருமை என்று போகும். சொல்லும்போது எனக்கே கொட்டாவி வரத் தொடங்கியதால் அதை விட்டுவிட்டேன். இந்த வருடம் பதிலே சொல்லவில்லை. சந்தையில் ஒரு மண்பானை வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

சோழர் பாடம். உத்திரமேரூர், குடவோலை. எல்லாருக்கும் தெரிந்ததுதான்: ஓலையில் பெயர் எழுதி, குடத்தில் போட்டு, குலுக்கி எடுத்து ஊர் வாரியங்களுக்கு ஆள் பிடித்தார்கள். பாடத்தில் நாலு வரி, பரீட்சையில் இரண்டு மதிப்பெண். நான் இந்த முறை பாடப் புத்தகத்தை மூடிவிட்டுக் கல்வெட்டின் வாசகத்தையே அச்செடுத்துக் கொண்டுபோனேன். வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் இன்றும் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலம். ஊரை 30 குடும்பாகப் பிரித்திருக்கிறார்கள், இன்றைய வார்டு மாதிரி. குடும்புக்கு ஒருவர். குடத்தில் பெயர் போட என்ன தகுதி வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறது கல்வெட்டு.

"எல்லாரும் எழுந்து நில்லுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒவ்வொன்றாகப் படிக்கிறேன், பொருந்தாதவர்கள் உட்காரலாம்" என்றேன். 38 பிள்ளைகள்.

முதல் நிபந்தனை, கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் (வேலி என்பது பழைய நில அளவு). 22 பேர் உட்கார்ந்தார்கள். அடுத்தது, சொந்த மனையில் கட்டிய வீடு. 9 பேர். எங்கள் ஊரில் பாதித் தெரு புறம்போக்கு, அதனால் அது எனக்கு ஆச்சரியமாக இல்லை. மிச்சம் 7 பேர், கொஞ்சம் பெருமையாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது, வேதம் கற்றிருக்க வேண்டும், பிறருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். 7 பேரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்கள்.

வகுப்பில் ஒருவர்கூட நிற்கவில்லை. மேசை மேல் பானை மட்டும் இருக்கிறது. ஒரு பையன், வழக்கமாக வாயே திறக்காதவன், கேட்டான்: "அப்ப இந்தக் குடம் யாருக்கு சார்?"

26 வருடத்தில் இந்தப் பாடத்தை எத்தனை தடவை நடத்தியிருப்பேன்! அந்தக் கேள்வியை நான் ஒரு முறையும் கேட்டதில்லை. இரண்டு மதிப்பெண்ணுக்கான விடையைத்தான் கேட்டிருக்கிறேன்.

சரி, இங்கே இருக்கிறவர்களைக் கேட்கிறேன். பள்ளிக்கூடத்தில் படித்த வரலாறு உங்களுக்கு எதற்காவது பயன்பட்டதா? மரியாதைக்காகச் சொல்ல வேண்டாம்.

கோடு தட்டும் குமரன்:

மரியாதைக்காகச் சொல்ல வேண்டாம் என்றதால் சொல்கிறேன் சார். இல்லை.

1526 முதலாம் பானிப்பட், 1757 பிளாசி, 1857 சிப்பாய்க் கலகம். இன்னும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எதற்கு என்று தெரியாது. அசோகர் சாலையோரம் மரம் நட்டார் என்று எல்லா வகுப்பிலும் நட்டுக்கொண்டே இருந்தார்கள். கணக்கு, அறிவியல் இரண்டும் எனக்குச் சோறு போட்டன. வரலாறு பிடித்தவர்கள் படிக்கட்டும், யார் தடுத்தது? எல்லாப் பிள்ளைக்கும் கட்டாயம் எதற்கு என்பதுதான் கேள்வி.

உங்கள் வகுப்பு நன்றாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது நல்ல வாத்தியாருக்குச் சான்று, பாடத்துக்கு இல்லை.

குரூப் ஃபோர் கனவு:

வாத்தியார் சார், நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எனக்கு உண்மையாகவே பயன்பட வேண்டும், பரீட்சை வருகிறது. குடவோலை உறுப்பினர் வயது என்ன? ஒரு கைடில் 30 முதல் 60, இன்னொன்றில் 35 முதல் 70. எதைப் படிப்பது?

ஏரிக்கரை வாத்தியார்:

தம்பி, இரண்டும் சரி. அங்கே இரண்டு கல்வெட்டு இருக்கிறது. பராந்தகனின் 12-வது ஆட்சியாண்டில் வெட்டியது ஒன்று, கி.பி. 919. அதில் 30 முதல் 60. இரண்டே வருடத்தில், 14-வது ஆண்டில், 921-இல் விதிகளைத் திருத்தி மறுபடி வெட்டியிருக்கிறார்கள். அதில் 35 முதல் 70. பரீட்சைக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் விடை.

ஆனால் ஒன்று யோசியுங்கள். கல்லில் வெட்டிய விதியை இரண்டே வருடத்தில் மாற்றுகிறார்கள் என்றால் நடுவில் ஊரில் என்ன நடந்திருக்கும்? இரண்டாவது கல்வெட்டில், தீயவர்கள் ஒழிந்து நல்லவர்கள் வாழ வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு என்று வருகிறது. சும்மா இருந்த ஊரில் அப்படி எழுதத் தேவையில்லை. இரண்டு முறையும் மன்னனின் அதிகாரி ஒருவர் சபையில் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

கைடு எழுதியவருக்கு இரண்டு வயதும் ஒரு குழப்பம். எனக்கு அந்த இரண்டு வருட இடைவெளியில்தான் கதையே இருக்கிறது.

புலிக்கொடி:

இதைத்தான் எதிர்பார்த்தேன். உலகத்தில் பாதி இடங்களில் ராஜா சொன்னதே சட்டம் என்று இருந்தபோது, ஒரு தமிழ்க் கிராமம் தேர்தல் விதியைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமரே உத்திரமேரூரைச் சொல்லிப் பேசினார். நம் வாத்தியார் என்ன செய்கிறார்? பிள்ளைகளை எழுப்பி நிற்க வைத்து, "இது உனக்கு இல்லை" என்று உட்கார வைக்கிறார்.

இங்கிலாந்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை 1918-இல்தான் வந்தது. அதுவும் 30 வயதுக்கு மேல், சொத்துத் தகுதியோடு. ஆண்களுக்குச் சமமாகக் கிடைத்தது 1928-இல். அவர்கள் பாராளுமன்றத்தை ஜனநாயகத்தின் தாய் என்று கொண்டாடலாம், நாம் நம்முடையதைக் கொண்டாடினால் மட்டும் "யார் விட்டுப்போனார்கள்" என்று கணக்கெடுக்க வேண்டுமா? 1100 வருடத்துக்கு முந்தைய மனிதனை இன்றைய கோலால் அளப்பது என்ன நியாயம்?

பெருமை ஊட்டாமல் வரலாறு நடத்தினால் குமரன் மாதிரிதான் பிள்ளைகள் வளரும்.

கோடு தட்டும் குமரன்:

என்னை ஏன் சார் இழுக்கிறீர்கள். எனக்கு ஊட்டினார்கள். வயிறு நிறைய ஊட்டினார்கள். செரிக்கவில்லை.

சாக்பீஸ் டீச்சர்:

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். நானும் அரசுப் பள்ளிதான், 11 வருடம். உங்கள் பதிவைப் படித்ததும் சந்தோஷப்பட்டேன், அரை மணி நேரம் கழித்துச் சங்கடமாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

யார் வீட்டுக்கு நிலம் இல்லை, யார் வீடு புறம்போக்கில் இருக்கிறது என்பதை 38 பேர் நடுவில் பிள்ளைகளையே உட்கார்ந்து காட்ட வைத்துவிட்டீர்கள். 7 பேர் நெஞ்சை நிமிர்த்தி நின்றதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் உட்கார்ந்திருந்த 31 பேர் முகத்தைப் பார்த்தீர்களா? அதிலும் இரண்டாவது நிபந்தனைக்கு உட்கார்ந்த 9 பேர்? நிலம் இல்லாதது ஊரில் சாதாரணம். மனை இல்லாதது அப்படி இல்லை ஐயா. மறுநாள் விளையாட்டு மைதானத்தில் அது ஒரு பட்டப்பெயராக மாறியிருக்கும். நான் மனைப்பட்டா இல்லாத வீட்டில் வளர்ந்தவள், அதனால் தெரியும்.

பாடம் சரி. அந்த விளையாட்டு தப்பு.

ஏரிக்கரை வாத்தியார்:

டீச்சர், இதை எழுத எனக்கு ஒரு நாள் ஆனது.

நீங்கள் சொன்னது சரி. நான் பார்க்கவில்லை. நின்ற 7 பேரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குடத்தில் யார் பெயர் போகவில்லை என்று பாடம் நடத்தப் போன ஆள், உட்கார்ந்தவர்களைப் பார்க்கவில்லை. வேறு என்ன சொல்ல. அடுத்து எப்படிச் செய்யலாம் என்று யோசனை இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

புலிக்கொடி ஐயாவுக்கு: நான் அந்தக் கல்வெட்டை மட்டம் தட்டவில்லை. அதில் எனக்குப் பிடித்த இடத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். ஓலையை எடுக்கும் நாளில் ஊரில் சிறுவர் முதல் பெரியவர் வரை சபை கூட வேண்டும். ஊரில் இருக்கிற பூசாரிகள் எல்லாரும் வந்திருக்க வேண்டும். அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டுகிறார். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சின்னப் பையனை விட்டு ஓலையை எடுக்கச் சொல்கிறார்கள். அதை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளித்து வைத்து மாற்றிவிடக் கூடாது, அதற்காக! அவர் உரக்கப் படித்த பிறகு மண்டபத்தில் இருக்கிற மற்றவர்களும் அதே ஓலையை வாங்கிப் படிக்க வேண்டும்.

ஐந்து விரலை விரி என்று கல்லில் எழுதினவன் எப்பேர்ப்பட்ட திருட்டைப் பார்த்திருக்க வேண்டும்! எனக்கு அந்த ஆளை நேரில் பார்க்க வேண்டும் போல இருக்கும்.

இன்னொன்று, கணக்கு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி நிற்க முடியாது. அவன் மட்டுமா? சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள், மாமனார், மச்சான், மருமகன் என்று ஒரு சுற்று உறவையே விலக்கி வைக்கிறார்கள். இதை வகுப்பில் படித்தபோது ஒரு பெண் பிள்ளை, "அவரோட மச்சான்கூட நிக்கக் கூடாதா சார்?" என்று கேட்டாள். வகுப்பே சிரிப்பில் இடிந்தது. ஏன் என்று நான் எழுதத் தேவையில்லை, உங்கள் ஊரிலும் அதே நிலைமைதான் இருக்கும். கள்ள ஆவணம் எழுதியவர்கள், தண்டனையாகக் கழுதை மேல் ஏற்றப்பட்டவர்கள் இவர்களுக்கும் தடை உண்டு.

பெருமைப்பட நிறையவே இருக்கிறது. ஆனால் நான் இன்றைய கோலால் அளக்கவில்லை ஐயா. கால் வேலி நிலம், சொந்த மனை, வேதம் எல்லாம் அவர்களே நட்ட கோல். நான் படித்துக் காட்டினேன், அவ்வளவுதான். இங்கிலாந்துக்கும் அதே கேள்வியைத்தான் கேட்பேன்; நீங்கள் சொன்ன 1918-க்கும் 1928-க்கும் நடுவில் இருக்கிற பத்து வருடம் அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்தானே.

மைப்படி:

கல்வெட்டு என்றதும் கை சும்மா இருக்கவில்லை. நான் வாத்தியார் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லைத் தேய்க்கிற கூட்டத்தில் ஒருவன். கல்லைப் பிரஷ் போட்டுக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, எழுத்துப் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை தட்டி, மேலே மை ஒற்றி எடுப்போம். தாள் காய்கிறவரை எழுத்து நமக்குச் சொந்தம்.

சில விஷயங்கள். உத்திரமேரூர் ஒரு பிரமதேயம், பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர். கல்வெட்டில் அதன் பெயரே உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம். அப்படிப்பட்ட ஊரின் அவைக்குத்தான் "சபை" என்று பெயர். வேளாண் ஊர்களில் இருந்தது "ஊர்", வணிகர்களுக்கு "நகரம்". இந்த மூன்றும் வேறு வேறு. பாடப் புத்தகங்கள் சபையின் விதியை எடுத்து "சோழர் காலத்துக் கிராமங்களில்" என்று பொதுவாகப் போட்டுவிடுகின்றன. ஒரு அக்ரகாரத்தின் உட்சட்டத்தைத் தமிழ்நாட்டுக்கே அரசியல் சட்டமாக்கியது நாம்தான், பராந்தகன் இல்லை.

அதற்காகக் குடமும் ஓலையும் அந்த ஊருக்கு மட்டும் சொந்தம் என்றும் சொல்ல முடியாது. அகநானூற்றின் 77-ஆம் பாட்டில், மருதன் இளநாகனார் பாடியது, கயிறு கட்டிய குடத்திலிருந்து ஓலையை எடுக்கிற ஆட்கள் வருகிறார்கள். எங்கே தெரியுமா? பாலைநிலத்தில் செத்துக்கிடக்கிற வீரனின் குடலைப் பருந்து பிடுங்குகிறது, அதற்கு உவமையாக! தேர்தல் அதிகாரியைப் பற்றி அதைவிட உருப்படியான உவமையை நான் படித்ததில்லை.

"யார் வெளியே" என்கிற கேள்விக்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளையும் பாருங்கள். கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலத்தைக் கணக்கெடுக்கும்போது, வரி இல்லாத இடங்கள் என்று ஒரு பட்டியல் வரும். ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போகிற வாய்க்கால், பறைச்சேரி, கம்மாளச்சேரி, சுடுகாடு. ஊர் ஊராக இதே வரிசை. அந்தச் சேரியில் இருந்தவர் யாருடைய பெயரும் அந்தக் கல்லில் இல்லை. இடம் மட்டும் இருக்கிறது, வாய்க்காலுக்கும் சுடுகாட்டுக்கும் நடுவில். முதல் தடவை அதை வாய்விட்டுப் படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

புலிக்கொடி:

மைப்படி ஐயா சொன்ன சபை, ஊர், நகரம் வித்தியாசம் எனக்குத் தெரியாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இப்படியே ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டு போனால் கடைசியில் பிள்ளைகள் கையில் என்ன மிஞ்சும்?

மைப்படி:

உரித்தால் மிஞ்சுவதுதான் ஐயா நிஜமாகவே நம்முடையது.

உங்கள் பெருமைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கல்வெட்டுகளைக் கல்வெட்டு அறிஞர் வெங்கையா ஆராய்ந்து வெளியிட்டது 1900-களின் தொடக்கத்தில். இந்தியர்களுக்குத் தங்களைத் தாங்களே ஆளத் தெரியாது என்று வெள்ளைக்காரன் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது ஆயிரம் வருடத்துக்கு முந்தைய தேர்தல் விதி கையில் கிடைத்தால் சும்மா விடுவார்களா? வரலாற்று ஆசிரியர் நீலகண்ட சாஸ்திரி முதற்கொண்டு எழுதினார்கள். அன்றைக்கு அந்தப் பெருமைக்கு ஒரு வேலை இருந்தது, அந்த வேலையை அது செய்து முடித்தது. இன்றைக்கும் அதே வேலையையே கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஏரிக்கரை வாத்தியார்:

புலிக்கொடி ஐயா கேட்டது சும்மா தள்ளிவிடுகிற கேள்வி இல்லை. பெருமையில் தொடங்கினால்தான் பிள்ளைகள் காது கொடுக்கும், அது எனக்கும் அனுபவம். நான் மறுக்கிறது வேறு. சில வருடம் முன்பு தஞ்சாவூருக்குச் சுற்றுலா கூட்டிப்போனேன். பஸ்ஸில் ஏறியதிலிருந்து ஒரே பேச்சு, பெரிய கோயில் நிழல் தரையில் விழாதாம். வாட்ஸப்பில் வந்ததாம். சாயங்காலம் நாலு மணிக்கு விமானத்தின் நிழலில்தான் 40 பேரும் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். வெயில் உறைக்காமல் சுகமாக இருந்தது. சாப்பிட்டு முடித்து, "இப்ப எங்கே உட்கார்ந்திருக்கோம்?" என்று கேட்டேன். ஒரு நிமிஷம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் ஒரே கூச்சல்.

அதே கோயில் சுவரில், நாம் கொடுத்ததும் அக்கன் கொடுத்ததும் நம் பெண்டுகள் கொடுத்ததும் மற்றவர்கள் கொடுத்ததும் கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் சொன்னது இருக்கிறது. தான் கொடுத்ததோடு அக்காள் குந்தவை கொடுத்ததையும் சேர்த்து எழுது என்று சொன்ன ராஜா! அதைக் காட்டினேன். ஒரு பையன் கையை வைத்துத் தடவிப் பார்த்தான். பொய்ப் பெருமை கையில் இருக்கிறவரை நிஜப் பெருமைக்குக் கை காலியாக இருக்காது ஐயா, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

உசிலம்பட்டிக்காரன்:

மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதுவதா வேண்டாமா என்று இருந்தது.

எங்கள் பக்கத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி என்று ஊர்கள் இருக்கின்றன. பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1996-இல் அந்தப் பஞ்சாயத்துத் தலைவர் பதவிகள் தலித் மக்களுக்கு என்று ஒதுக்கப்பட்டன. பத்து வருடம் தேர்தல் ஒழுங்காக நடக்கவில்லை. சட்டம் இருந்தது, ஓட்டுப்பெட்டி இருந்தது, அதிகாரிகள் வந்து போனார்கள். மனுத் தாக்கல் செய்ய ஆள் இருக்காது. அல்லது ஒருவரை நிறுத்தி, ஜெயிக்க வைத்து, உடனே ராஜினாமா கடிதம் வாங்கிவிடுவார்கள். 2006 அக்டோபரில்தான் ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. மேலூர்ப் பக்கம் மேலவளவில் 1997-இல் என்ன நடந்தது என்பதும் தெரியும். ஜெயித்த பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனையும் கூட இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். ஆறு பேர்.

நான் அந்தப் பத்து வருடத்தில்தான் பள்ளிக்கூடம் போனேன். குடவோலை முறை படித்தேன். வயது 35 முதல் 70 என்று எழுதி இரண்டுக்கு இரண்டு வாங்கினேன். பஸ்ஸில் போனால் எட்டிவிடுகிற ஊரில் ஒரு குடம் பத்து வருடம் காலியாகவே இருந்தது. எந்த வாத்தியாரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் மேல் கோபம் இல்லை, அவர்களும் அந்த ஊர்களில்தான் வாடகைக்கு இருந்தார்கள்.

அந்தப் பையன் கேட்ட கேள்வியை எங்கள் வகுப்பில் யாரும் கேட்டிருக்க முடியாது. பதில் எல்லாருக்கும் தெரியும் என்பதால்.

சாக்பீஸ் டீச்சர்:

தம்பி, எழுதியதற்கு நன்றி.

கோடு தட்டும் குமரன்:

நான் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு ஒன்று சொல்கிறேன்.

போன வருடம் எங்கள் நிலப் பட்டாவில் ஒரு சிக்கல். யூடிஆர் என்று நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது தாத்தா பெயரில் இனிஷியலை மாற்றிப் பதிந்துவிட்டார்கள். அது இத்தனை வருடம் கழித்து அப்பா தலையில் வந்து விடிந்தது. மூன்று மாதம் நான்தான் அலைந்தேன். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, அ பதிவேடு நகல். ஒவ்வொரு தாளாக வைத்து, இதை யார் எழுதினார், எந்த வருடம், எதைப் பார்த்துக் காப்பி அடித்தார், எந்த இடத்தில் தப்பு உள்ளே வந்தது என்று பின்னாடியே போனேன். ஒரு பத்திரத்தில் எல்லையைச் சொல்லும்போது "பெரியவள் கிணற்றுக்கு மேற்கு" என்று இருக்கிறது. அந்தப் பெரியவள் யாரென்று அப்பாவுக்கே தெரியவில்லை. ஊரில் ஒரு பாட்டிக்குத்தான் தெரிந்திருந்தது.

வாத்தியார் பதிவைப் படித்தபோது அது ஞாபகம் வந்தது. இதையெல்லாம் எனக்குப் பள்ளியில் யாரும் சொல்லித் தரவில்லை. பானிப்பட்டுக்குப் பதில் இதைச் சொல்லித் தந்திருக்கலாம். அது வரலாறு இல்லை என்றால் என் கருத்து பழையபடிதான்.

ஏரிக்கரை வாத்தியார்:

தம்பி, மூன்று மாதம் நீங்கள் பார்த்தது எங்கள் வேலை. சம்பளம் வாங்காமல் பார்த்திருக்கிறீர்கள். அந்தப் பெரியவள் யார் என்று தெரிந்ததைப் பாட்டியிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி ஒரே பிரதி.

உசிலம்பட்டித் தம்பிக்கு என்னிடம் பதில் இல்லை. நானும் அந்த வருடங்களில் வேறு ஒரு ஊரில் அதே இரண்டு மதிப்பெண்ணைத் திருத்திக்கொண்டிருந்தவன்தான்.

சாக்பீஸ் டீச்சர்:

ஐயா, யோசனை கேட்டீர்களே. அட்டை செய்யுங்கள். பிள்ளைகளின் சொந்த வீட்டைத் தொடாதீர்கள், ஆளுக்கு ஒரு ஆளைக் கொடுத்துவிடுங்கள். "நீ பட்டர், உனக்கு அரை வேலி." "நீ ஏரியில் வண்டல் அள்ளுகிற கூலி." "நீ ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் (உரைநூல்) படித்தவர், நிலம் அரைக்கால் வேலிதான்." கல்வெட்டில் அப்படிப் படித்தவருக்கு நிலத் தகுதியைக் குறைத்திருக்கிறார்கள், அது நல்ல சண்டையைக் கிளப்பும். "நீ கணக்குக் காட்டாதவரின் மச்சான்." இந்த அட்டைக்குப் போட்டி வரும், பாருங்கள். நான் 20 அட்டை எழுதிவிட்டேன், படம் எடுத்து உள்பெட்டியில் அனுப்புகிறேன். மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள்.

குரூப் ஃபோர் கனவு:

டீச்சர், எனக்கும் அனுப்ப முடியுமா? பரீட்சைக்கு இல்லை, சும்மா பார்க்க.

ஏரிக்கரை வாத்தியார்:

நேற்று நடத்தினேன். எழுதுகிறேன் என்று டீச்சரிடம் சொல்லியிருந்தேன்.

38 அட்டை. சட்டிக்குள் கை விட்டு ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள். பட்டர் அட்டை ஒரு பெண் பிள்ளைக்குப் போயிற்று, அவள் அதைப் பிடித்துக்கொண்டு நடந்த நடை இருக்கிறதே! மச்சான் அட்டைக்கு டீச்சர் சொன்னது போலவே அடிபிடி. முன்பு கேள்வி கேட்ட பையனுக்குக் கிடைத்தது குயவர். நிலமும் இல்லை, வேதமும் இல்லை என்று முதல் சுற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் பானையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சார், இதைச் செஞ்சது நான்தானே?" என்றான். ஆமாம் என்றேன். மேற்கொண்டு அவனும் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அப்புறம் அவர்களாகவே ஒன்று முடிவு செய்தார்கள். வகுப்புக்குக் குடிநீர், கூட்டிப் பெருக்குதல், நூலகம் என்று மூன்று வாரியம். நிபந்தனைகளை அவர்களே கரும்பலகையில் எழுதினார்கள். நிலம், வீடு எதுவும் வரவில்லை. ஆனால் "நூலகப் புத்தகம் திருப்பித் தராதவனும் அவன் பெஞ்ச்காரனும் கூடாது" என்பது ஒருமனதாக நிறைவேறியது. எல்லார் பெயரும் பானைக்குள் போனது. ஓலையை வாங்குகிற பையன் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினான், இரண்டு பக்கமும்.

எடுக்க எழுத்துத் தெரியாத பிள்ளை வேண்டுமே. ஒன்றாம் வகுப்புக்கு ஆள் அனுப்பினோம். அங்கே எல்லாம் "எனக்குப் படிக்கத் தெரியும்" என்று சண்டைக்கு வந்துவிட்டதாம். கடைசியில் பக்கத்து அங்கன்வாடியிலிருந்து ஒருத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் பானைக்குள் கையை விட்டு ஒரு பிடி சீட்டை மொத்தமாக அள்ளிக்கொண்டு, தர மாட்டேன் என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அதற்குக் கல்வெட்டில் விதி இல்லை. அரை மணி நேரமாக விவாதம் நடந்துகொண்டிருந்தது, அதற்குள் மணி அடித்துவிட்டது.